நிகழ்வு ஆய்வு: ஒரு பழைய டாஸ் விளையாட்டில் சாவிப் படங்களை மாற்றிய கதை

பின்னணி

1990-களின் நடுப்பகுதியில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக வந்த ஒரு விளையாட்டு. 320×200 திரை, 256 நிறம். இதைச் சிறுவயதில் ஆடிய ஒருவர், தன்னிடமே இருந்த அசல் சிடியை எடுத்து டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) மறுபடி ஆடத் தொடங்கினார். விளையாட்டு பழுதில்லாமல் ஓடியது. ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. அவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. விளையாட்டிலோ சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாவிகள், அவற்றுக்கேற்ற மூன்று கதவுகள். மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. நீலத்தை அவர் எளிதில் கண்டுகொண்டார். மற்ற இரண்டையும் பற்றி அவர் சொன்னது: "ரெண்டுமே எனக்கு ஒரே சாக்கடை மஞ்சளாத்தான் தெரியுது." தவறான கதவில் போட்ட சாவி வீணாகிவிடும் என்பது விதி என்பதால், ஊகித்து ஆடவும் வழியில்லை.

இது அபூர்வமான சிக்கல் அல்ல. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு உண்டு. இன்றைய விளையாட்டுகளில் பலவற்றில் இதற்கென்று தனி அமைப்பே இருக்கிறது. அந்தக் காலத்தில் வந்தவற்றில் தேடினாலும் கிடைக்காது.

அவர் ஓர் ஓவிய நண்பரையும் என்னையும் கேட்டார். ஓவியருக்குப் பிக்சல் படம் வரைந்து பழக்கம் உண்டு. கோப்பு வேலை என் பங்கு. குறிக்கோளைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டோம்: சிவப்பும் பச்சையும் நிறத்தை நம்பாமல் அடையாளம் தெரிய வேண்டும், வேறெதுவும் மாறக் கூடாது. விளையாட்டின் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்பது தெளிவில்லாததால் அதன் பெயரை இங்கே சொல்லவில்லை.

கோப்பைத் திறந்தபோது தெரிந்தது

சிடியில் இருந்தவை ஒரு இயக்கக் கோப்பு, ஒரு அமைப்புக் கோப்பு, ஒரு பெரிய தரவுக் கோப்பு. படம், ஒலி, கட்டங்கள் எல்லாம் மூன்றாவதில்தான் இருந்தாக வேண்டும். அதை நகலெடுத்து, நகலின் ஹாஷ் மதிப்பை (ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) குறித்து வைத்துவிட்டு, கோப்பின் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தோம்.

முதல் நான்கு பைட்டுகள் 156, 1, 0, 0. இன்டெல் வகைக் கணினிகளில் சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும், அடுத்த பைட்டுக்கு 256 மடங்கு மதிப்பு என்பதால் இது 156 + 256, அதாவது 412. அதன் பிறகு பெயர்கள். ஹெக்ஸ் எடிட்டர்கள் பொதுவாக வரிக்கு 16 பைட் காட்டும். பெயர்கள் எல்லா வரியிலும் ஐந்தாம் கட்டத்தில் தொடங்கி, செங்குத்தாக ஒரே கோட்டில் நின்றன. அப்படியானால் ஒவ்வொரு பதிவும் 16 பைட்: 12 பைட் பெயருக்கு, 4 பைட் ஓர் எண்ணுக்கு.

அந்த எண் தரவின் அளவா, கோப்பில் அது தொடங்கும் இடமா? முதல் பதிவில் இருந்தது 196, 25, 0, 0. கணக்கிட்டால் 6596. 412 பதிவுகளை 16-ஆல் பெருக்கி, முதல் 4 பைட்டைக் கூட்டினாலும் அதே 6596. பட்டியல் முடியும் இடத்தில்தான் முதல் படம் தொடங்குகிறது. ஆக அது இடம்தான். அளவு எங்கேயும் எழுதப்படவில்லை; அடுத்த பதிவின் இடத்திலிருந்து கழித்துத்தான் பெற வேண்டும். 'டூக் நூக்கெம் 3டி' விளையாட்டின் ஜிஆர்பி தரவுக் கோப்பில் இது தலைகீழ்: பெயரோடு அளவு மட்டும் இருக்கும், இடத்தைக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். 'டூம்' விளையாட்டின் வாட் தரவுக் கோப்பில் இடம், அளவு இரண்டும் இருக்கும். பிற்பாடு எங்களைக் கஷ்டப்படுத்தியது இந்தக் கழித்தல் கணக்குதான்.

ஒரு பதிவுக்குரிய தரவின் அளவு சரியாக 768 பைட். 256 நிறத்துக்குத் தலா மூன்று. அதில் எந்த எண்ணும் 63-ஐத் தாண்டவில்லை. அந்தக் காலத் திரை அட்டையான விஜிஏ ஒவ்வொரு நிறக்கூறையும் 6 பிட்டில் (0 முதல் 63 வரை) வைத்துக்கொள்வதால் இதுவே பேலட், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல், என்பதில் சந்தேகமில்லை. இன்றைய மென்பொருள்கள் 0 முதல் 255 வரை எதிர்பார்ப்பதால், அப்படியே படித்தால் படம் இருட்டாக வரும். 4-ஆல் பெருக்கினால் பெரும்பாலும் போதும், ஆனால் வெள்ளை 252-இல் நின்றுவிடும். பெருக்கியதோடு 16-ஆல் வகுத்த ஈவையும் கூட்டினால் 63 என்பது 255 ஆகும். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிட்டு நிறங்கள் பொருந்துவதை உறுதி செய்தோம்.

கலைந்த கதவு

சில பதிவுகள் 64004 பைட். 320×200 என்றால் 64000. மீதி நான்கில் 64, 1, 200, 0 என்று அகலமும் உயரமும் இருந்தன. படத்தின் அளவைச் சொல்லும் இந்த நான்கு பைட் தலைப்பு சுலபமாகக் கிடைத்துவிட்டது, படம் கிடைக்கவில்லை. கதவை எடுத்துக்கொள்வோம்: 32×48, எனவே 1536 பைட். 32 அகலத்தில் அடுக்கினால் புள்ளிகள் சிதறின. ஏதோ கதவு மாதிரி என்று சொல்லலாம், அவ்வளவே. அகலத்தை 8 என்று மாற்றியதும், ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு ஒல்லிக் கதவுகள் வந்து நின்றன.

காரணம் அந்தக் கால வன்பொருளில் இருக்கிறது. விஜிஏ நினைவகம் நான்கு தளங்களாகப் பிரிந்தது. 256 நிறத்தில் வேகமாக வரைய விரும்பியவர்கள் தளங்களைத் தனித்தனியாகக் கையாண்டார்கள். அப்போது 0, 4, 8 ஆம் பிக்சல்கள் முதல் தளத்தில், 1, 5, 9 இரண்டாவதில் என்று போகும். ஆடும்போது பிரித்துக்கொண்டிருக்காமல், கோப்பிலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். நான்கு ஒல்லிக் கதவுகளையும் பத்தி பத்தியாகக் கோத்ததும் முழுக் கதவு வந்தது.

நிறத்தை மாற்றுவதா, உருவத்தை மாற்றுவதா

ஓவியரின் முதல் யோசனை பேலட்டைத் தொடுவது. பச்சை வரிசையில் உள்ள 16 எண்களுக்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால் ஒரு படத்தைக்கூட வரைய வேண்டாம். கேட்கும்போது கவர்ச்சியான வழி. இரண்டு காரணங்களால் விட்டோம்.

ஒன்று, புல், செடி, ஒரு பாத்திரத்தின் சட்டை எல்லாம் அதே 16 எண்களைப் பயன்படுத்தின. இரண்டாவது காரணம் கனமானது. கோப்பில் 4096 பைட் அளவில் ஒரு பதிவு இருந்தது: 16 × 256. அது இருட்டுக்கான அட்டவணை. வெளிச்சத்தின் 16 நிலைகளில் ஒவ்வொரு நிற எண்ணும் எந்த எண்ணாக மாற வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தது. 'டூம்' இதே வேலைக்கு 34 அட்டவணைகள் வைத்திருக்கிறது. அவற்றில் 32 வெளிச்ச நிலைகளுக்கானவை. பழைய பேலட்டை மனதில் வைத்துச் செய்த கணக்கு இது. பேலட்டை மாற்றினால், வெளிச்சத்தில் புது நிறத்தில் இருக்கும் கதவு இருட்டு அறையில் பழைய பச்சையின் நிழலான பழுப்புக்குப் போய்விடும்.

எனவே பேலட்டைத் தொடாமல் உருவத்தை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். சிவப்பின் மேல் முக்கோணம், பச்சையின் மேல் வட்டம். நீலத்தை அப்படியே விட்டோம். ஆடுபவருக்கு அதில் சிரமம் இல்லை, தொடும் படங்களும் குறையும். சாவி மினுங்குவதற்கு நான்கு படங்கள், கதவு திறப்பதற்கு ஆறு, இரண்டு நிறத்துக்கும் சேர்த்து 20. கையில் உள்ள சாவிகளைக் காட்டும் அடிப்பட்டை ஒன்று. மொத்தம் 412-இல் 21 பதிவுகள்.

அடையாளத்துக்கு வெள்ளையை ஒட்டிய 15-ஆம் எண்ணை எடுத்தோம். இருட்டு அட்டவணையில் பார்த்தால், கடைசிச் சில நிலைகளில் இதுவும் கதவின் நிறமும் ஒரே சாம்பலில் போய் விழுந்தன. அடையாளத்தைச் சுற்றிக் கரும் ஓரம் கொடுத்ததும், அந்த நிலைகளிலும் உருவம் ஓரளவு நின்றது.

ஓட்டை விழுந்த கதவு

படங்களைச் சாதாரண பிஎன்ஜி கோப்புகளாக ஓவியருக்கு அனுப்பினோம். அவர் வழக்கமாக வேலை செய்யும் முறையில் முழுநிறத்தில் வரைந்து, கடைசியில் அதே பேலட்டுக்கு இறக்கித் திருப்பி அனுப்பினார். மென்பொருளில் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. விளையாட்டில் போட்டதும் இரண்டு கோளாறுகள் தெரிந்தன.

கதவின் கரும் சட்டத்தில் ஓட்டைகள். அவற்றின் வழியே பின்னால் இருக்கும் தரை தெரிந்தது. இந்தப் பேலட்டில் கறுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. 0 என்பது 'இங்கே வரையாதே' என்ற அறிவிப்பு. அதன் நிறமாகவும் கறுப்பையே எழுதி வைத்திருந்தார்கள். வரைவதற்கான உண்மையான கறுப்பு 31. முழுநிறத்துக்குப் போனதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. திரும்பி வரும்போது மென்பொருள் முதலில் கண்ட கறுப்பான 0-ஐ எல்லாவற்றுக்கும் கொடுத்தது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. நிறத்தைக் காப்பாற்றச் சொன்னோம், அது நிறத்தைக் காப்பாற்றியது.

இரண்டாவது கோளாறு வேடிக்கையானது. முக்கோணத்தின் ஓரத்தில் சில பிக்சல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 224 முதல் 239 வரையிலான எண்களை இந்த விளையாட்டு சுழற்றுகிறது: நொடிக்குச் சில முறை பேலட்டில் அந்த 16 நிறங்களையும் ஓரிடம் தள்ளிவைக்கும். எரிமலைக் குழம்பும் தண்ணீரும் ஓடுவது போலத் தெரிவது அதனால்தான். படத்தில் ஒரு பிக்சலும் மாறுவதில்லை. ஓவியர் முக்கோணத்தின் ஓரத்தை மென்மையாக்கப் போட்ட ஆரஞ்சுக்கு மிக அருகிலிருந்த நிறம் எரிமலைக் குழம்பின் வரிசையில் இருந்தது. கதவில் நெருப்பு ஓடியது.

இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் மூவருக்கும் ஒரே புரிதல் வந்தது. இந்தக் கோப்பில் இருப்பது நிறம் அல்ல, எண். எண்ணுக்கு நிறம் என்பது அதன் பல பொருள்களில் ஒன்று மட்டுமே. வரையாமல் விடுவது, சுழல்வது, இருளும்போது எங்கே போவது என்பவையும் எண்ணோடு ஒட்டிக்கொண்டவை. நிறம் வழியாகப் போய்த் திரும்பும் எந்தப் பாதையும் மற்றப் பொருள்களைத் தொலைத்துவிடும்.

எண்ணைக் காக்கும் ஏற்பாடு

ஓவியர் எண்முறைப் படங்களை, அதாவது ஒவ்வொரு பிக்சலையும் பேலட் எண்ணாகவே வைத்திருக்கும் படங்களை, திருத்தும் பயன்முறைக்கு மாறினார். பழக்கம் மாறியதில் அவருக்கு எரிச்சல்தான். ஓரத்தை மென்மையாக்கும் தூரிகை, ஒளிபுகும் அடுக்குகள் எதுவும் அங்கே இல்லை. பென்சில் கருவி மட்டும்.

அத்தோடு வரைவதற்கென்று ஒரு பொய்ப் பேலட் செய்தோம். அதில் 0-க்குக் கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்பு. சுழலும் 16 எண்களுக்கு வேறெங்கும் இல்லாத பளிச் நிறங்கள். வரையும்போது எது எந்த எண் என்று பார்த்ததும் தெரியும், இரண்டு கறுப்பு குழம்பவே முடியாது. திரும்பி வரும்போது நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பொய்ப் பேலட்டை வீசிவிடும். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டு, எந்த பிக்சல் எந்த எண்ணிலிருந்து எதற்குப் போனது என்று பட்டியலும் போடும். 0-வாக மாறியதோ 224-239 வரிசைக்குள் புதிதாக நுழைந்ததோ இருந்தால் படத்தை ஏற்காது.

இன்னொன்றும் இங்கே பிடிபட்டது. ஓவியர் போட்ட வட்டம் விளையாட்டில் முட்டையாக நின்றது. 320×200 படம் அந்தக் காலத் திரையில் 4:3 விகிதத்தில் விரியும். ஒரு பிக்சலின் உயரம் அகலத்தைவிட 1.2 மடங்கு. 10 அகலம், 10 உயரம் என்று வரைந்த வட்டம் 10-க்கு 12 ஆகிவிடும். 12 அகலம், 10 உயரம் என்று வரைந்தால்தான் திரையில் உருண்டையாக வரும். இதற்குப் பிறகு அவர் தன் திரையிலும் அந்த விகிதத்தை வைத்தே வேலை செய்தார்.

அடிப்பட்டை

20 படங்கள் அளவு மாறாதவை. பழைய இடத்திலேயே புதிய பைட்டுகளை எழுதினால் முடிந்தது. அடிப்பட்டை அப்படி இல்லை. 320×32 என்று தலைப்பு சொன்னது. 10244 பைட் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சுருக்கப்பட்டிருந்தது. 192-க்கு மேற்பட்ட எண்கள் அடிக்கடி வந்ததைப் பார்த்து, ஜீசாஃப்ட் நிறுவனத்தின் பிசிஎக்ஸ் படங்களில் வரும் முறையைப் பொருத்திப் பார்த்தோம்: 192 அல்லது அதற்கு மேலான பைட் வந்தால், அதில் 192-ஐக் கழித்தது எத்தனை முறை என்ற எண்ணிக்கை, அடுத்த பைட் நிறம். விரித்தபோது மிகச் சரியாக 10240 பிக்சல் கிடைத்தது, பதிவும் அதே இடத்தில் தீர்ந்தது. அதற்கு மேல் சான்று தேவையில்லை.

இந்த முறையில் ஒரு புள்ளி வைத்தாலும் கோப்பு பெருக்கும். ஒரே நிறத்தில் 40 பிக்சல் ஓடும் இடம் இரண்டு பைட்டில் அடங்கும். நடுவில் 15-ஆம் எண்ணில் ஒரு புள்ளி போட்டால் இந்தப் பக்கம் இரண்டு, புள்ளிக்கு ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று ஐந்து பைட். புதிய அடிப்பட்டை பழைய இடத்தில் அடங்கவில்லை.

எளிய வழியாகப் பட்டது, அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டி, பட்டியலில் அதன் இடத்தை மட்டும் மாற்றுவது. செய்து பார்த்ததும் விளையாட்டு ஏற்றும் திரையிலேயே உறைந்தது. இங்கேதான் அந்தக் கழித்தல் கணக்கு. அடிப்பட்டையின் அளவை அறிய, அடுத்த பதிவின் இடத்திலிருந்து அடிப்பட்டையின் இடத்தை விளையாட்டு கழிக்கிறது. அடிப்பட்டை கடைசிக்குப் போய்விட்டதால் விடை எதிர்மறை. அதற்கு முந்தைய பதிவோ, கோப்பின் கடைசி வரை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டது.

ஆகவே 412 பதிவுகளையும் பழைய வரிசையிலேயே புதிதாக எழுதி, எல்லா இடங்களையும் திரும்பக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் எழுதினோம். அதைச் சோதிக்க ஒரு நிபந்தனை வைத்தோம்: ஒன்றையும் மாற்றாமல் பிரித்துக் கட்டினால், பழைய கோப்பு ஒரு பைட்டும் பிசகாமல் வர வேண்டும். முதலில் வரவில்லை. அடிப்பட்டையைச் சுருக்கும்போது ஒரே நிறம் வரியின் முடிவைத் தாண்டி ஓடினால் எங்கள் ஸ்கிரிப்ட் சேர்த்து எண்ணியது. அசலைச் செய்தவர்கள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தி எண்ணியிருந்தார்கள். பிசிஎக்ஸ் விதியும் அதையே சொல்கிறது. திருத்திய பிறகு ஹாஷ் மதிப்பு அசலோடு பொருந்தியது.

பகிர்ந்த விதம்

இதே குறைபாடு உள்ள இன்னும் சிலர் கேட்டார்கள். தரவுக் கோப்பைக் கொடுப்பதில்லை என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிறுவனம் மூடிப்போனாலும் படங்களின் உரிமை யாரிடமாவது இருக்கும். மாற்றங்களை மட்டும் கொண்ட, அவரவர் கோப்பின்மேல் போட்டுக்கொள்ளும் பேட்ச் கோப்பு போதும்.

பேட்ச்களுக்கான பழைய ஐபிஎஸ் வடிவம் எளிமையானது. ஆனால் எந்தக் கோப்பின்மேல் போடுகிறோம் என்று அது பார்க்காது. பிபிஎஸ் வடிவத்தில் மூலக் கோப்பு, விளைவுக் கோப்பு இரண்டின் சிஆர்சி-32 மதிப்பும் (இதுவும் ஒரு சரிபார்ப்பு எண்) உள்ளேயே இருப்பதால், தவறான பதிப்பில் போட்டால் மறுத்துவிடும். இடங்களெல்லாம் நகர்ந்துவிட்ட கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம் என்று பிபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். அது உடனே பயன்பட்டது: ஒருவருடைய சிடி வேறு பதிப்பு; பேட்ச் மறுத்துவிட்டது, அவருடைய கோப்பு கெடாமல் தப்பித்தது.

விளைவு

ஆடுபவர் தடைபட்டு நின்ற கட்டத்தைத் தாண்டி, விளையாட்டை முடித்தார். கதவுகளையும் சாவிகளையும் தயங்காமல் பிரித்தறிய முடிந்தது என்றார். இருட்டு அறைகளில் மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

தீராத ஒன்று வரைபடத் திரை. அதில் கதவுகள் வெறும் நிறக் கோடுகள். கோட்டுக்கான படம் தரவுக் கோப்பில் இல்லை. நிற எண் இயக்கக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த இயக்கக் கோப்போ, டாஸ் காலத்தில் பலர் செய்தது போலச் சுருக்கி வைக்கப்பட்டது. விரித்து, எண்ணைத் தேடி மாற்றலாம்தான். படங்களோடு நிற்பது என்ற எல்லையைத் தாண்டுகிறது என்பதால் விட்டுவிட்டோம். அவர் வரைபடம் இல்லாமலே ஆடினார்.

அடுத்த முறை

மாற்றாமல் பிரித்துக் கட்டும் சோதனை முதல் வேலையாக வர வேண்டும், ஒரு பிக்சலும் வரைவதற்கு முன்பே. கழித்தல் கணக்கின் விளைவும் வரி முடிவுச் சிக்கலும் அப்போதே வெளியே வந்திருக்கும்.

ஓவியருக்குப் படத்தை அனுப்பும்போதே பொய்ப் பேலட்டோடும், சிறப்புப் பொருள் கொண்ட எண்களின் பட்டியலோடும் அனுப்ப வேண்டும். ஓட்டை விழுந்த 12 கதவுப் படங்களையும் அவர் மறுபடி வரைந்தார். அது தேவையில்லாத உழைப்பு.

ஆடுபவரை நடுவிலேயே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நிறக்குறைபாட்டைப் போலிசெய்து காட்டும் வடிகட்டி கிம்ப் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. நாங்கள் அதை நம்பியே போனோம். இருட்டு அறையில் அடையாளம் எவ்வளவு மங்குகிறது என்பது அவர் ஆடிய பிறகுதான் தெரிந்தது. கரும் ஓரத்தை இன்னும் ஒரு பிக்சல் தடிப்பாக்கும் திருத்தம் இப்போது ஓவியரிடம் இருக்கிறது.

நீலத்துக்கும் ஓர் அடையாளம் போட்டிருக்கலாம் என்பது ஓவியரின் கருத்து. நீல-மஞ்சள் குறைபாடு உள்ளவர்களுக்கும் உதவும் என்கிறார். நான் முழுக்க உடன்படவில்லை, மூன்றில் இரண்டுக்கு அடையாளம் இருந்தாலே மூன்றாவது தானாகத் தெரிந்துவிடும். மற்றப் பதிப்புக்கான பேட்ச் இன்னும் செய்யப்படவில்லை. அந்தக் கோப்பில் 409 பதிவுகளே இருப்பதால், எந்தப் படம் எந்த வரிசையில் இருக்கிறது என்று பெயரைக் கொண்டு மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.